மேசையைச் சுற்றி: இராஜாவை வெல்லும் மூன்று



நமது சபைக் குடும்பங்களுக்கு வாரத்தில் இரண்டு வாசல்கள்தான் திறந்திருக்கின்றன. ஒன்று ஞாயிறு, மற்றது வியாழன் பின்னேரம். இத்தாலியில் வீட்டு வேலை செய்வோருக்கு வழக்கமாகக் கிடைக்கும் ஓய்வு அவ்வளவே. மற்ற நாட்களில் அம்மா ஒரு வீட்டில், அப்பா இன்னொரு வீட்டில், பிள்ளைகள் பாடசாலையில். ஆகவே எங்கள் விளையாட்டு மேசையும் வியாழனில்தான் விரிகிறது. இந்த வாரம் அந்த மேசையில் என்ன நடந்தது, எதைப் பார்த்தோம், எதைப்பற்றி வாக்குவாதப்பட்டோம் என்பதை வழமைபோல எழுதுகிறோம். வாக்குவாதம் இம்முறை கொஞ்சம் பெரியது. அதைக் கடைசியில் சொல்கிறோம்.

விளையாடியது: கத்தான்

அல்பெர்கேரியாவில் பழைய பொருட்கள் விற்கும் சந்தையை எல்லோருக்கும் தெரியும். உடைந்த விளக்கு, ஒற்றைச் சப்பாத்து, யாரோ ஒருவருடைய கல்யாணப் படம் எல்லாம் நிலத்தில் விரித்திருக்கும். அங்கே எங்களுக்கு ஒரு 'கத்தான்' பெட்டி அகப்பட்டது. சிவப்பு நிற வீதிக் கட்டைகள் 15 இருக்கவேண்டும். 9 தான் இருந்தன. மிச்சம் ஆறுக்கும் சமையலறையிலிருந்து புளியங்கொட்டை வந்தது. பல்லாங்குழிக்கு உதவிய கொட்டை கத்தானுக்கு உதவாதா?

தெரியாதவர்களுக்கு: இது 1995இல் ஜெர்மனியில் வெளிவந்த விளையாட்டு. ஆக்கியவர் கிளாவுஸ் டொய்பர். பல் கட்டும் வேலை செய்தவர். ஓய்வு நேரத்தில் விளையாட்டுகளை உருவாக்கினார். 2023இல் காலமானார். ஒரு தீவில் வீடும் வீதியும் கட்டவேண்டும். அதற்கு மரம், செங்கல், கம்பளி, கோதுமை, தாதுக்கல் என்று ஐந்து பொருட்கள் தேவை. எல்லாம் ஒருவருக்கே கிடைக்காது. ஆகவே பேரம் பேசாமல் வெல்வது மிகக் கடினம். இரண்டு தாயக்கட்டைகளைச் சேர்த்து உருட்டும்போது 36 வழிகளில் 6 வழிகள் ஏழைத் தருகின்றன. அந்த ஏழு வந்தால் கள்ளன் நகருவான். கணக்குப் பாடம் படிக்கும் தம்பிமார் மற்ற எண்களுக்கும் எத்தனை வழி என்று எழுதிப் பாருங்கள். பலகையில் எண்களுக்குக் கீழே உள்ள புள்ளிகள் எதற்கு என்று உடனே விளங்கும்.

எங்கள் மேசையில் ஒரு சட்டத்தை மட்டும் நாங்களாகச் சேர்த்தோம். பேரம் தமிழில் பேசினால்தான் செல்லும். முதல் பத்து நிமிடம் மேசை ஊமையாக இருந்தது. இத்தாலியனில் ஒரே மூச்சில் பத்து வசனம் பேசும் பிள்ளைகள், "இரண்டு செங்கல் தாறன், ஒரு கோதுமை தா" என்று சொல்ல வார்த்தை தேடினார்கள். அரை மணித்தியாலத்தில் நிலைமை மாறிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த அம்மம்மா ஒருவர், "அவன் உன்னை ஏய்க்கிறான், குடாதை" என்று குரல் கொடுத்தார். அடுத்த ஆட்டத்தில் அவரும் அமர்ந்தார். வீட்டில் "தமிழில் பேசு" என்று நூறு தரம் சொல்லியும் வராதது, கோதுமை வேண்டும் என்ற தேவை வந்தவுடன் வந்தது. ஞாயிறு பாடசாலை ஆசிரியர்கள் இதைக் கவனிப்பார்களாக.

பார்த்தது: கூரையில் ஒரு சதுரங்கம்

பல்லாரோ சந்தையிலிருந்து மேற்கே சிறிது தூரம் நடந்தால் நோர்மன் அரண்மனை. அதற்குள்ளே பலத்தீனா சிற்றாலயம். அரசன் இரண்டாம் ரொஜர் கட்டியது. அவன் 1130ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் பலெர்மோவில் முடிசூடியவன். உள்ளே போகும் எல்லோரும் பொன் மொசைக்கைத்தான் பார்ப்பார்கள். நாங்கள் கழுத்து நோக மேலே மரக் கூரையைப் பார்த்தோம். ஏறக்குறைய 1140களில் இஸ்லாமியக் கலை மரபில் வந்த ஓவியர்கள் அதைத் தீட்டினார்கள். இசைக்கலைஞர்கள், ஆடுகிறவர்கள், மிருகங்கள், பறவைகள். அவர்களுக்கு நடுவே இருவர் சதுரங்கப் பலகையின் இருபுறமும் அமர்ந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் சதுரங்கம் ஆடுவோரைக் காட்டும் மிகப் பழைய ஓவியங்களில் அதுவும் ஒன்று.

அந்த விளையாட்டு எங்கிருந்து வந்தது? இந்தியாவிலிருந்து. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நான்கு அங்கங்களால் அதற்குச் சதுரங்கம் என்று பெயர். பாரசீகத்துக்குப் போய் 'சத்ரங்' ஆயிற்று. அரபு மொழியில் 'ஷத்ரஞ்ச்' ஆயிற்று. 831 முதல் 1072 வரை பலெர்மோ அரபு ஆட்சியில் இருந்த நகரம். இன்று வகுப்பில் பக்கத்தில் இருக்கும் சிசிலியப் பையன் மந்திரிக் காயை 'அல்ஃபியேரே' என்கிறான். அந்தக் காயின் பெயர் 'அல்ஃபீல்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது, பொருள் யானை. அவன் அறியாமலே நம் பக்கத்து யானையைக் கையில் பிடித்து நகர்த்துகிறான். "நீங்கள் எப்போது இங்கே வந்தீர்கள்?" என்று யாரும் கேட்டால், அப்பா அம்மா வந்த ஆண்டைச் சொல்லுங்கள். கூடவே, எங்கள் யானை அதற்கு எண்ணூறு வருடத்துக்கு மேலாக இங்கேதான் நிற்கிறது என்றும் சொல்லுங்கள்.

ஆலயக் கூரையிலேயே சதுரங்கம் இருக்கிறதே, அப்படியானால் திருச்சபை அதை ஏற்றுக்கொண்டதா என்று எங்களில் ஒருவர் கேட்டார். அவ்வளவு இலகுவாகச் சொல்லமுடியாது. அது அரச மாளிகையின் ஓவியம். அதற்கு ஏறக்குறைய எண்பது வருடங்களுக்கு முன், 1060களின் தொடக்கத்தில், பேதுரு தமியானி என்ற கர்தினால் ஒரு கடிதம் எழுதினார். புளோரன்ஸ் நகர ஆயர் பயணத்தில் சத்திரத்திலே சதுரங்கம் ஆடினார் என்று கேள்விப்பட்டு அவரைக் கண்டித்த கதை அதில் இருக்கிறது. ஆயர் சொன்ன பதில், தாயம் வேறு, சதுரங்கம் வேறு என்பது. கர்தினால் விடவில்லை. சங்கீதப் புத்தகம் முழுவதையும் மூன்று தரம் சொல்லவும், பன்னிரண்டு ஏழைகளின் கால்களைக் கழுவிக் காசு கொடுக்கவும் பணித்தார். பிறகு 1617இல் இதே சிசிலித் தீவில், மிலித்தெல்லோ ஊரைச் சேர்ந்த பியெத்ரோ கரேரா என்ற குருவானவர் சதுரங்கத்தைப்பற்றித் தடித்த ஒரு புத்தகமே அச்சிட்டார். ஒரு குருவானவர் தண்டனை கொடுத்த விளையாட்டுக்கு இன்னொரு குருவானவர் பாடநூல் எழுதினார். ஆகவே விளையாட்டைப்பற்றி மூப்பர்களும் வாலிபரும் வாக்குவாதப்படுவது நமது சபையில் தொடங்கிய காரியம் அல்ல.

பார்த்தது: கட்வேயின் ராணி

ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு, சாப்பாடு முடிந்து, 2016இல் வந்த 'குவீன் ஒஃப் கட்வே' படத்தைப் பார்த்தோம். இயக்கியவர் மீரா நாயர். உகண்டாவின் தலைநகர் கம்பாலாவில் கட்வே என்ற சேரிப்பகுதி. ரொபர்ட் கட்டெண்டே என்ற வாலிபர் ஒரு கிறிஸ்தவ விளையாட்டு ஊழியத்தில் வேலை செய்கிறார். பந்தடிக்க விரும்பாத பிள்ளைகளுக்காகச் சதுரங்கம் கற்பிக்கிறார். பியோனா முத்தேசி என்ற சிறுமி முதலில் அங்கே வந்தது சதுரங்கத்துக்காக அல்ல. அங்கே கொடுத்த கஞ்சிக்காக. அந்தப் பிள்ளை 2012இல் இஸ்தான்புல் ஒலிம்பியாட்டில் விளையாடும் அளவுக்கு வந்தாள். கதை உண்மை.

எங்களுக்குப் பிடித்தது வெற்றி அல்ல. பலகை ஒன்றும் கஞ்சிப் பானை ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததுதான். நாமும் வியாழன் மேசையில் சுண்டல் வைக்கிறோம். சிலர் சுண்டலுக்காக மட்டும் வருகிறார்கள் என்று குறை சொன்னவர்கள் இந்தப் படத்தைப் பார்க்கட்டும்.

விளையாடியது: முந்நூற்றி நாலும் பிரிஸ்கொலாவும்

இப்போது பெரிய காரியத்துக்கு வருகிறோம்.

யாழ்ப்பாணத்து வீடுகளில் வளர்ந்த பெரியவர்களுக்கு 304ஐ அறிமுகம் செய்யத் தேவையில்லை. பிள்ளைகளுக்காகச் சொல்கிறோம். 32 சீட்டு. நால்வர், எதிரெதிரே இருக்கும் இருவர் ஒரு கட்சி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, இராஜாவுக்கு 3, இராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றும் இல்லை. கூட்டினால் 76. நான்கு சாதிக்கும் சேர்த்து 304. கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைப்பார். எது துரும்பு என்று வெட்டித் திறக்கும்வரை மற்றவர்களுக்குத் தெரியாது.

பிரிஸ்கொலா இந்த ஊர்ச் சீட்டு. கிண்ணம், காசு, வாள், தடி என்று நான்கு சாதி, 40 சீட்டு. ஏசுக்கு 11, மூன்றுக்கு 10, இராஜாவுக்கு 4, குதிரைவீரனுக்கு 3, சேவகனுக்கு 2. கூட்டினால் 30. நான்கு சாதிக்கும் 120. 61 எடுத்தவர் வென்றார். இங்கேயும் துரும்பு உண்டு. ஆனால் அது எல்லோரும் பார்க்க மேசையில் நிமிர்ந்து கிடக்கும்.

இரண்டிலும் ஒரு வேடிக்கையைக் கண்டீர்களா? இராஜா பெரியவன் அல்ல. முந்நூற்றி நாலில் வெறும் ஒன்பது அவனை அடிக்கிறது. பிரிஸ்கொலாவில் வெறும் மூன்று அவனை அடிக்கிறது. முந்தினோர் பிந்தினோராவதைப்பற்றி ஞாயிறு பாடசாலையில் விளக்கக் கஷ்டப்படும் அண்ணாமார் அக்காமார் இதை எடுத்துக்கொள்ளலாம்.

வித்தியாசம் ஒன்று பெரியது. முந்நூற்றி நாலில் சோடிக்குக் கண் காட்டினால் அது களவு. நால்வர் ஆடும் பிரிஸ்கொலாவிலோ, பல இடங்களில், சைகை காட்டுவதே விளையாட்டின் பாதி. வாயைக் கோணினால் மூன்று, கண்ணை மேலே உயர்த்தினால் இராஜா என்று ஊரறிந்த அடையாளங்கள் இருக்கின்றன. எதிராளி பார்க்காத நேரம் காட்டவேண்டும். பிடித்தால் அவருக்கு இலாபம். அப்படியானால் ஒரே சைகை ஒரு மேசையில் களவாகவும் அடுத்த மேசையில் கெட்டித்தனமாகவும் இருக்கலாமா?

இதைப்பற்றி வெகுநேரம் பேசினோம். நாங்கள் வந்து சேர்ந்த இடம் இது: களவு என்பது சைகையில் இல்லை, கொடுத்த வாக்கை உடைப்பதில் இருக்கிறது. நால்வரும் "சைகை உண்டு" என்று சம்மதித்து அமர்ந்தால் அங்கே யாரும் ஏமாற்றப்படவில்லை. "சைகை இல்லை" என்று சம்மதித்துவிட்டு ஒரு புருவம் அசைந்தாலும் அது பொய். வீட்டில் ஒரு சட்டம், வெளியில் ஒரு சட்டம் என்று இரண்டு மேசைகளுக்கு நடுவே வளரும் நமக்கு இது சின்னப் பாடம் அல்ல. எந்த மேசையில் இருக்கிறோம், அங்கே என்ன வாக்குக் கொடுத்தோம் என்பதை அமருமுன் கேட்டுக்கொள்ளவேண்டும்.

வாக்குவாதம்: சபை மண்டபத்தில் சீட்டு வைக்கலாமா?

வியாழன் மேசையைச் சபை மண்டபத்தில் நடத்துகிறோம். கரம் பலகைக்கும் சதுரங்கத்துக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டுக்கட்டு வந்தபோது பெரியவர்கள் சிலர் முகம் மாறினார்கள். "ஆண்டவருடைய வீட்டில் சீட்டா?" என்ற கேள்வி வந்தது.

அவர்களுடைய பயத்தை முதலில் நியாயமாகச் சொல்லவேண்டும். ஊரில் சீட்டு என்றால் பணம். பணம் என்றால் தாலிக்கொடி அடகு. அதைக் கண்ணால் பார்த்துத்தான் நமது முன்னோர் பலர் சீட்டுக்கட்டை வீட்டுப் படியேற விடவில்லை. அது மூடப்பழக்கம் அல்ல, காயம்பட்டவரின் எச்சரிக்கை. இங்கேயும் அந்த ஆபத்து வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறது. புகையிலைக் கடைகளில் சுரண்டும் சீட்டு தொங்குகிறது. சில கடைகளின் மூலையில் காசு விழுங்கும் இயந்திரம் மின்னுகிறது. பதினெட்டு வயதுக்குக் கீழானவர்களுக்குச் சட்டம் இதைத் தடுக்கிறது. பதினெட்டு முடிந்தவர்களைத் தடுக்க எதுவும் இல்லை. மாதச் சம்பளம் முழுவதும் அங்கே போகலாம். அங்கே எதிரே சிரிப்பதற்கு ஒரு மனிதமுகம்கூட இல்லை.

வேதத்தைத் திறந்தால், 'சீட்டு' என்ற சொல்லே இரண்டு பக்கமும் நிற்கிறது. நமது தமிழ் வேதாகமத்தில் மத்தியா அப்போஸ்தலனாகத் தெரிந்துகொள்ளப்பட்டது சீட்டுப்போட்டு (அப்போஸ்தலர் 1:26). சிலுவையடியில் போர்ச்சேவகர் ஆண்டவருடைய அங்கிக்காகப் போட்டதும் சீட்டு (யோவான் 19:24). ஒரே சொல். முதல் இடத்தில் ஜெபித்துவிட்டுப் போட்டார்கள். இரண்டாம் இடத்தில் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அவரைக் காவல் காத்தார்கள். அவர் யாரென்று கண்டுகொள்ளவில்லை. கையில் இருந்தது என்ன என்பதைவிட, எதிரே இருந்தவரைக் கண்டார்களா என்பதே எங்களுக்குக் கேள்வியாகத் தெரிகிறது. இன்னொரு இடமும் உண்டு: சகரியா 8:5. தேவன் மீட்டுக் கட்டும் நகரத்தின் வீதிகளில் பையன்களும் பெண்பிள்ளைகளும் விளையாடுவார்கள் என்பது அங்கே ஒரு வாக்குத்தத்தமாகவே வருகிறது. அதற்கு முந்தின வசனத்தில் கோல் ஊன்றிய முதியோர் அதே வீதிகளில் அமர்ந்திருக்கிறார்கள். இரண்டு தலைமுறையும் ஒரே தெருவில்.

இந்த வாக்குவாதத்தின் நடுவே ஒரு தாயார் பேசினார். பெயர் வேண்டாம் என்றார். பல வருடம் அவர் ஒரு சிசிலிய மூதாட்டியைப் பராமரித்தவர். மறதி நோய் முற்றி, அந்த அம்மாவுக்குப் பெற்ற பிள்ளைகளின் பெயரே வரவில்லை. ஆனால் பிரிஸ்கொலாவில் மூன்று இராஜாவை வெல்லும் என்பது கடைசிவரை மறக்கவில்லை. மாத்திரை விழுங்க மறுக்கும் பின்னேரங்களில் இவர் சீட்டைக் கலைத்துப் போடுவார். மூதாட்டி எழுந்து உட்காருவார். ஒரு ஆட்டம் முடிய மாத்திரையும் உள்ளே போயிருக்கும். "நான் அங்கே இத்தாலியன் படித்ததே அந்தச் சீட்டில்தான். அது பாவமென்றால் ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும். ஆனால் அந்த மனுசிக்கு அந்த நேரம் என்னைத் தவிர வேறு ஒருவரும் இல்லை" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அதற்காகப் பெரியவர்களின் கேள்வி முடிந்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. 1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் பவுல், தனக்குத் தவறாகத் தெரியாத உணவையும் சகோதரனுடைய மனச்சாட்சிக்காக விட்டுவிட ஆயத்தமாயிருக்கிறார். மண்டபத்தில் நமக்கு முன்னால் வந்து உட்காரும் ஒரு தகப்பன், ஊரிலே சூதினால் வீடு இழந்தவராக இருக்கலாம். அவருக்கு அந்தக் கட்டைப் பார்த்தாலே நெஞ்சு பதறும் என்றால், எங்கள் சுதந்திரம் அவரைவிடப் பெரியது அல்ல.

ஆகவே வாலிபர் குழுவாக நாங்கள் எடுத்த முடிவு: மூப்பர்கள் கூடிப் பேசி முடிவு சொல்லும்வரை மண்டபத்தில் சீட்டு இல்லை. கரம், சதுரங்கம், கத்தான், தாயம் இருக்கும். வீடுகளில் ஆடுகிறவர்கள் பெற்றோர் அறிய ஆடட்டும். எந்த மேசையிலும் நான்கு சட்டங்கள்: காசு இல்லை, பந்தயமாகச் சோடாப் போத்தல்கூட இல்லை. சட்டத்தை ஆடுமுன் சொல்லவேண்டும், நடுவில் மாற்றக்கூடாது. தொலைபேசி மேசைக்கு வரக்கூடாது. வேலையால் களைத்து வரும் அம்மா அப்பா கதவைத் திறந்தால், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் எழுந்து ஒரு கதிரை போடவேண்டும்.

மூப்பர்களிடம் ஒரே ஒரு விண்ணப்பம். முடிவு எதுவானாலும் கீழ்ப்படிவோம். ஆனால் முடிவு எடுக்குமுன் ஒரு வியாழன் வந்து மேசையில் அமருங்கள். சதுரங்கமானால் சதுரங்கம், கரமானால் கரம். உங்கள் கையில் விளையாட்டு எப்படி இருந்தது என்று எங்களுக்குக் காட்டுங்கள். சுண்டல் உண்டு.

அடுத்த இதழுக்கு: பெற்றோர் சிலர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 1974இல் அமெரிக்காவில் பிறந்த அந்தக் கதை விளையாட்டைக் குறித்து, 1980களில் அங்குள்ள சபைகளில் பெரும் பயம் எழுந்தது. பிள்ளைகள் அதில் என்ன செய்கிறார்கள், எதைக் கவனிக்கவேண்டும் என்று விரிவாக எழுதுவோம். அதற்குள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டு எழுதி அனுப்புங்கள்: சின்ன வயதில் யாருடன், எந்த விளையாட்டை, எங்கே உட்கார்ந்து விளையாடினீர்கள்? பதிலைத் தமிழில் எழுதவேண்டும். கத்தான் சட்டம் இங்கேயும் செல்லும்.

கர்த்தருக்குச் சித்தமானால் அடுத்த இதழில், அதற்கு முன்பு வியாழன் மேசையில், சந்திப்போம்.

வாலிபர் குழு